பல்லி இனங்களின் சுரப்பிகளும் வாசனைப் பேச்சும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்லியின் தோலில் சுரப்பியே கிடையாது என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. தவளையைத் தொட்டால் கை ஈரமாகும். நமக்கோ உடம்பெல்லாம் வியர்க்கும். பல்லி, ஓணான், அரணை, உடும்பு என்று எதைத் தொட்டாலும் தோல் காய்ந்தே இருக்கும். உடல் முழுவதும் பரவிய வியர்வைச் சுரப்பியோ எண்ணெய்ச் சுரப்பியோ இவற்றுக்கு இல்லை. வறண்ட நிலத்தில் நீரை இழக்காமல் வாழவேண்டிய உடலுக்கு அதுதான் வசதி.

ஆனால் சில குறிப்பிட்ட இடங்களில் மட்டும் சுரப்பிகள் உண்டு. தொடையின் அடிப்பக்கம், கழிவுத் துளைக்குச் சற்று முன்னால் உள்ள செதில்கள், கழிவுத் துளையின் உட்சுவர், சில இனங்களில் வால், சிலவற்றில் மூக்கு, சிலவற்றில் தாடை என்று இடம் மாறும், வேலையும் மாறும். இனத்துக்குள் செய்தி சொல்லும் வேலையைப் பெரும்பாலும் செய்வது தொடையிலும் கழிவுத் துளையைச் சுற்றியும் இருப்பவைதான். இந்தப் பக்கம் அவற்றைப் பற்றியே அதிகம் பேசும். சிறிய வீட்டுப் பல்லி முதல் இகுவானா வரை எல்லாவற்றையும் சேர்த்து இங்கே ‘பல்லி இனங்கள்’ என்றே குறிப்பிடுகிறேன்.

வீட்டுப் பல்லியின் தொடையில் வரிசையாகப் புள்ளிகள் தெரிகின்றன. அது ஏதாவது நோயா?

நோயில்லை. அவை சுரப்பிகளின் வாய்கள். தொடைத் துளைகள் என்று சொல்லலாம். விளக்கு வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகளுக்காக ஜன்னல் கண்ணாடியின் மறுபுறம் பல்லி ஒட்டிக்கொண்டிருக்கும்போது அடிவயிற்றுப் பக்கத்தைப் பாருங்கள். நம் வீடுகளில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் ஆசிய வீட்டுப் பல்லி ஆணாக இருந்தால், ஒரு தொடையில் தொடங்கி நடுவே கழிவுத் துளைக்கு முன்னால் வளைந்து மறு தொடை வரை, சுமார் 30 துளைகள் இடைவெளியில்லாமல் ஒரே வரிசையாக ஓடும். பெண்ணுக்கு அந்த வரிசை இருக்காது. வாலின் அடியில் ஆணுக்கு இரண்டு புடைப்புகளும் தெரியும். இந்த இரண்டையும் வைத்து ஆண், பெண் பிரித்துவிடலாம்.

மரப்பட்டைகளில் வாழ்ந்து அவ்வப்போது வீட்டுக்குள்ளும் வரும் பெரிய பல்லி ஒன்று உண்டு. அதன் ஆணுக்கு இரு தொடைகளிலும் தனித்தனி வரிசைகள். நடுவே துளையில்லாத செதில்கள். இப்படித் துளைகளின் எண்ணிக்கையும் இடைவெளியும் இனத்துக்கு இனம் ஏறக்குறைய நிலையாக இருப்பதால், ஒரே மாதிரித் தோற்றமுள்ள பல்லிகளைப் பிரித்தறிய வகைப்பாட்டியலாளர்கள் முதலில் தொடையைத்தான் பார்க்கிறார்கள். புதிய பல்லி இனத்தை விவரிக்கும் எந்தக் கட்டுரையிலும் துளைக் கணக்கு தவறாமல் இருக்கும்.

சுரப்பி உள்ளே எப்படி இருக்கும்?

மேல்தோல் உள்நோக்கி மடிந்து, அடித்தோலுக்குள் ஒரு சிறு பையாக இறங்கியிருக்கும். பையின் சுவரில் செல்கள் தொடர்ந்து பிறந்து, நடுப்பகுதிக்குத் தள்ளப்பட்டு, கொழுப்பையும் புரதத்தையும் நிரப்பிக்கொண்டு, கடைசியில் தாங்களே சிதைந்துபோகும். சிதைந்த செல்தான் சுரப்பு. நம் எச்சில் சுரப்பி போல நீர்மத்தைக் கசியவிட்டு செல் பிழைத்துக்கொள்ளும் ஏற்பாடு இதில் இல்லை. முழு செல்லும் செலவாகிறது. துளையின் வாயில் மஞ்சளோ சாம்பலோ கலந்த நிறத்தில் மெழுகுக் குச்சி போலத் துருத்திக்கொண்டிருப்பது இதுதான்.

இந்தத் தொழிற்சாலையின் முதலாளி டெஸ்டோஸ்டிரோன். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் உடலில் அந்த ஹார்மோன் ஏறும்போது சுரப்பி பருத்து மெழுகு பெருகும். காலம் முடிந்ததும் சுருங்கும். விரைகளை நீக்கினால் சுரப்பு அடங்கிவிடுகிறது, ஹார்மோனை ஊசி மூலம் கொடுத்தால் திரும்ப வருகிறது என்பது பல இனங்களில் சோதித்துப் பார்க்கப்பட்டது. துளைகளின் எண்ணிக்கை மட்டும் வயதோடு கூடுவதில்லை.

ஏன் தொடையில்? கழுத்திலோ முதுகிலோ இருந்தால் என்ன?

பல்லி இனங்கள் நடக்கும்போது தொடையின் அடிப்பக்கம் தரையில் உராய்கிறது. பாறையோ மரக்கிளையோ மணலோ, நடந்த வழியெல்லாம் மெழுகு இழுவிக்கொண்டே போகும். தனியாக நின்று முத்திரை குத்தவேண்டிய அவசியம் இல்லை. பல இனங்களின் ஆண்கள் கூடுதலாகத் தொடையை வேண்டுமென்றே அழுத்தித் தேய்ப்பதும் உண்டு. எஜமானர் இல்லாத நேரத்திலும் எல்லையைக் காவல் காப்பதுதான் இந்த மெழுகின் பெரிய பயன். நிறமும் தலையாட்டலும் ஆள் எதிரே நிற்கும்வரைதான் பேசும்.

அந்த மெழுகில் என்னதான் இருக்கிறது?

புரதமும் கொழுப்பும். கொழுப்புப் பகுதியில் பெரும்பாலான இனங்களில் முதலிடம் கொலஸ்ட்ராலுக்கு. கூடவே பலவகைக் கொழுப்பு அமிலங்கள், நீள்சங்கிலி ஆல்கஹால்கள், மெழுகு எஸ்டர்கள், ஸ்குவாலீன், வைட்டமின் ஈ, வைட்டமின் டி-யின் முன்னோடிச் சேர்மம் (பின்னர் வைட்டமின் டி-யாக மாறக்கூடியது) என்று பட்டியல் நீளும். ஒரே இனத்தின் இரண்டு ஆண்களிடம்கூடக் கலவை விகிதம் ஒன்றாக இருக்காது.

பூவின் மணம் போலக் காற்றில் பறந்து போகும் பொருள்கள் இதில் குறைவு. பெரும்பாலானவை எளிதில் ஆவியாகாத கனமான மூலக்கூறுகள். வெயில் காயும் பாறையில் நாள்கணக்கில் நிற்கவேண்டிய செய்திக்கு அதுதான் பொருத்தம். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது: ஆவியாகாத பொருளை மூக்கால் நுகர முடியாது. பக்கத்தில் போய்த் தொட்டு எடுத்தாக வேண்டும். அங்கேதான் நாக்கு வருகிறது.

பல்லி இனங்கள் நாக்கால் மோப்பம் பிடிக்கின்றனவா?

நாக்கு மோப்பம் பிடிப்பதில்லை. எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கிறது. வாயின் மேலண்ணத்துக்கு மேலே, மூக்கறையிலிருந்து தனியாகப் பிரிந்து, இரண்டு சிறு குழிகளாக ஓர் உறுப்பு இருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த லுட்விக் ஜேக்கப்சன் 1813இல் பாலூட்டிகளில் விவரித்ததால் ஜேக்கப்சன் உறுப்பு என்று பெயர் பெற்றது. பல்லி இனங்களிலும் பாம்புகளிலும் அது நேராக வாய்க்குள் திறக்கிறது. நாக்கு தரையைத் தொட்டு உள்ளே வந்ததும், அதில் ஒட்டிய மூலக்கூறுகள் அந்தத் துளைகளுக்குப் போய்ச் சேர்கின்றன. அங்கிருந்து புறப்படும் நரம்பு, மூக்கு நரம்பு போய்ச் சேரும் இடத்துக்குப் போகாமல், மூளையில் தனக்கென்று உள்ள வேறு ஒரு குமிழுக்குப் போகிறது. அதாவது இது மூக்கின் கிளையல்ல, தனித் துறை.

மூக்கும் சும்மா இருப்பதில்லை. காற்றில் வரும் லேசான மணத்தை மூக்கு முதலில் கவனித்து, ‘இங்கே ஏதோ இருக்கிறது’ என்று உசுப்பிவிட, நாக்கு வேலையைத் தொடங்குகிறது என்பதே பொதுவான புரிதல்.

எல்லா இனத்துக்கும் இந்தத் திறன் ஒரே அளவில் இல்லை. உடும்பின் நாக்கு பாம்பினுடையதைப் போல நீண்டு ஆழமாகப் பிளந்தது. அரணையின் நாக்கு நுனியில் சின்ன வெட்டு மட்டும். வீட்டுப் பல்லியுடையது அகன்ற சதைப்பற்றான நாக்கு. இமையில்லாத கண்ணை நக்கித் துடைக்கவும் அதுதான் பயன்படுகிறது. பச்சோந்திக்கு நாக்கு பூச்சி பிடிக்கும் கருவியாகிவிட்டது. அதன் ஜேக்கப்சன் உறுப்பு மிகவும் சிறுத்துப்போயிருக்கிறது.

உடும்புக்கும் பாம்புக்கும் நாக்கு ஏன் இரண்டாகப் பிளந்திருக்கிறது?

திசை அறிய. இரண்டு காதில் எதில் சத்தம் கூடுதல் என்று பார்த்து நாம் திசையை உணர்வது போல, இரண்டு நுனிகளும் இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் மாதிரி எடுக்கின்றன. வலது நுனியில் வாசனைப் பொருள் அதிகமாக இருந்தால் தடம் வலப்பக்கம் போகிறது என்று பொருள். அமெரிக்க உயிரியலாளர் கர்ட் ஷ்வென்க் 1994இல் சயின்ஸ் இதழில் இந்த விளக்கத்தை முன்வைத்தார். அதற்கு முன்பு, சுவையின் இன்பம் இரட்டிப்பாகும் என்பது முதல் மூக்கைச் சுத்தம் செய்ய என்பது வரை விதவிதமான ஊகங்கள் இருந்தன. நாக்கில் விஷக்கொடுக்கு இருக்கிறது என்ற நம்பிக்கை நம் ஊரில் இன்னும் சாகவில்லை.

ஓர் ஆணின் மெழுகைத் தொட்டுப் பார்த்துப் பெண் என்ன தெரிந்துகொள்கிறது?

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஸ்பெயினின் மாட்ரிட் நகரில் உள்ள தேசிய இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்தின் ஹோசே மார்ட்டின், பிலார் லோபஸ் இருவரும் அந்நாட்டு மலைகளில் வாழும் ஐபீரியப் பாறைப் பல்லியைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர்கள். அதன் மெழுகில் கொலஸ்ட்ராலோடு வைட்டமின் டி-யின் முன்னோடிச் சேர்மமும் இருக்கிறது. எந்த ஆணின் மெழுகில் அது அதிகமோ, அந்த ஆணின் வாசனை படிந்த இடத்தையே பெண்கள் விரும்பின.

இது தற்செயல் பொருத்தமாகவும் இருக்கலாம் அல்லவா? அதனால் அவர்கள் சில ஆண்களுக்கு உணவோடு கூடுதல் வைட்டமின் டி கொடுத்தார்கள். அந்த ஆண்களின் மெழுகில் முன்னோடிச் சேர்மம் கூடியது. பெண்களிடம் அவற்றின் வாசனைக்கு மவுசும் கூடியது. 2006இல் வெளியான முடிவு இது. ஆளைப் பார்க்காமல், ஆள் விட்டுச்சென்ற கறையை மட்டும் வைத்து நடந்த தேர்வு என்பதைக் கவனியுங்கள்.

வைட்டமின் டி ஏன்? அது எலும்புக்கு மட்டுமல்ல, நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கும் தேவை. உடலுக்குள் வேலையிருக்கும் பொருளை எடுத்துப் பாறையில் தேய்த்து வீணாக்க வேண்டுமென்றால், கையிருப்பு தாராளமாக இருக்க வேண்டும். நோயோடு போராடும் ஆணால் அந்த ஆடம்பரம் முடியாது. அதே குழு வேறொரு ஸ்பானியச் சுவர்ப் பல்லியில் பார்த்தபோது, எந்த ஆண்களின் நோய் எதிர்ப்பு வலுவாக இருந்ததோ அவற்றின் வாசனையைத்தான் பெண்கள் விரும்பியிருந்தன.

பாறைப் பல்லியில் ஒலீயிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்துக்கும் இப்படி ஒரு பங்கு உண்டு. அது உடலின் கொழுப்புச் சேமிப்பிலிருந்து வருகிறது. கொழுகொழுவென்று இருக்கும் ஆணிடமே அதிகம் கிடைக்கும். ஐரோப்பாவின் பச்சைப் பல்லியில் இதே கதையை வைட்டமின் ஈ சொல்கிறது: 2011இல் வெளியான ஆய்வில், வைட்டமின் ஈ ஊட்டப்பட்ட ஆண்களின் வாசனை பெண்களை அதிகம் ஈர்த்தது.

ஏமாற்ற முடியாதா?

கொஞ்சம் கஷ்டம். வார்த்தையால் பொய் சொல்லலாம். கையில் இல்லாத வைட்டமினைச் சுரக்க முடியாது. செய்தியும் செலவும் ஒரே பொருளாக இருப்பதால் இதைப் பெரும்பாலும் நம்பத்தகுந்த அறிவிப்பாகக் கருதுகிறார்கள். ஆனால் கலவையின் ஒவ்வொரு பொருளும் இப்படி ‘தகுதிச் சான்றிதழ்’ என்று நினைத்துவிடக் கூடாது. சில பொருள்கள் மற்றவற்றைக் கெடாமல் காக்க மட்டும் இருக்கலாம். வைட்டமின் ஈ ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பது தெரிந்ததே. கொலஸ்ட்ராலே ஒரு வகையில் மற்றப் பொருள்களைத் தாங்கி நிற்கும் அடித்தளம் என்ற கருத்தும் உண்டு.

பெண்களுக்குச் சுரப்பி இல்லையா? அவை செய்தி அனுப்புவதில்லையா?

பல இனங்களில் பெண்ணுக்கும் தொடைத் துளைகள் உண்டு, ஆனால் சிறியவை, மெழுகும் குறைவு. பெண்ணின் செய்தி பெரும்பாலும் வேறு இடத்திலிருந்து வருகிறது. வட அமெரிக்காவின் அகன்ற தலை அரணையில், கழிவுத் துளையின் உட்சுவரில் உள்ள சுரப்பியிலிருந்து வருகிறது என்று வில்லியம் கூப்பரும் லாரி விட்டும் சக ஆய்வாளரும் 1980களில் காட்டினார்கள். இனச்சேர்க்கைக்குத் தயாரான பெண்ணின் தடத்தை ஆண் நாக்கை நீட்டி நீட்டித் தொடர்ந்து போகும்.

சிறுத்தைப் பல்லி என்று ஒன்று ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியப் பகுதிகளில் வாழ்கிறது; உலகெங்கும் செல்லப்பிராணியாக வளர்க்கிறார்கள். அதில் அடையாளம் தோலிலேயே இருக்கிறது. ராபர்ட் மேசனும் வில்லியம் குட்ஸ்கேயும் 1990இல் எழுதியது இது: தோலுரிக்கும் நிலையில் இருக்கும் பெண்ணை ஆண் எதிரியாக நினைத்துத் தாக்கியது, பழைய தோல் கழன்ற பிறகு அதே பெண்ணிடம் காதல் காட்டியது. பழைய தோல் மூடியிருக்கும்போது ‘நான் பெண்’ என்ற பலகை மறைந்துவிடுகிறது. ஜோடியாக வளர்ப்பவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

ஓணானுக்குத் தொடைத் துளை தெரியவில்லையே?

தெரியாது, ஏனென்றால் இல்லை. நம் வேலியோர ஓணானுக்குத் தொடையிலும் கிடையாது, கழிவுத் துளைக்கு முன்னாலும் கிடையாது. அது கண்ணால் பேசும் பிராணி. பருவத்தில் ஆணின் தலையும் தொண்டையும் சிவக்கும். வேலிக் கம்பத்தின் உச்சியில் ஏறி நின்று தண்டால் எடுக்கும். அமெரிக்க வெப்பமண்டலத்தின் அனோல்கள் என்ற சிறு பல்லிகளும் அப்படித்தான்: துளை இல்லை, தொண்டையில் விசிறி போல விரியும் வண்ணத்தோல் உண்டு. இதை வைத்து ‘நிறமுள்ளவை கண்ணை நம்பும், மற்றவை நாக்கை நம்பும்’ என்று சட்டம் போட்டுவிட முடியாது. பச்சைப் பல்லியின் ஆணுக்கு நீலத் தொண்டையும் உண்டு, மெழுகும் உண்டு. தமிழ்நாட்டின் புதர்க்காட்டுத் தரையில் ஓடும் மெலிந்த பாம்புக்கண் பல்லி அந்த ஐரோப்பியப் பல்லிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்கும் தொடைத் துளைகள் இருக்கின்றன.

கண்ணையும் வாசனையையும் சேர்த்துப் பயன்படுத்தும் இனம் உண்டா?

அமெரிக்காவின் தென்மேற்கிலும் மெக்சிகோவின் வடமேற்கிலும் வாழும் பாலை இகுவானா. கொதிக்கும் மணலில் ஆவியாகும் எதுவும் நிலைக்காது. அதன் மெழுகு பெரும்பகுதி புரதம். வாசனை மிகக் குறைவு. பிறகு இன்னொன்று அதை எப்படிக் கண்டுபிடிக்கும்? ஆலிசன் ஆல்பர்ட்ஸ் 1989இல் தந்த விடை: அந்த மெழுகு புற ஊதாக் கதிரை உறிஞ்சுகிறது, இகுவானாவின் கண் புற ஊதாவைப் பார்க்கிறது. மணலில் கறையைத் தூரத்திலேயே பார்த்து, அருகில் போய் நாக்கால் படிக்கிறது.

அரணைக்கு ஞாபகமே இருக்காது என்பார்களே?

கடிக்க வந்து, வந்த வேலையை மறந்து திரும்பிவிடும் என்ற கதைதானே. அரணைக் குடும்பத்தைப் போல ஆள் நினைவு வைத்திருக்கும் பல்லி இனங்கள் குறைவு. ஆஸ்திரேலியாவின் தூங்குமூஞ்சிப் பல்லி என்று அழைக்கப்படும் தடித்த அரணையை, ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் புல் 1982 முதல் தொடர்ந்து கவனித்தார். ஒவ்வோர் இளவேனிலிலும் ஆணும் பெண்ணும் பல வாரங்கள் சேர்ந்து திரிகின்றன. அடுத்த ஆண்டு அதே ஜோடி மறுபடி ஒன்று சேர்கிறது. இருபது ஆண்டுக்கு மேல் நீடித்த ஜோடிகளும் உண்டு. அதே குழு ஆராய்ந்த, பாறை இடுக்குகளில் கூட்டமாக வாழும் இன்னோர் அரணை, தன் கூட்டத்தின் வாசனையை வெளியாள் வாசனையிலிருந்து பிரித்தறிகிறது. இடுக்குக்கு வெளியே கூட்டமே ஒரே இடத்தில் கழித்துக் குவிக்கும் எச்சமும் அறிவிப்புப் பலகைதான். இரண்டு இனங்களிலும் தாய் தன் குட்டியைப் பிறர் குட்டியிலிருந்து வேறுபடுத்தி அறிகிறது. மறதிப் பட்டத்தை இனி வேறு யாருக்காவது கொடுக்கலாம்.

இதையெல்லாம் எப்படிச் சோதிக்கிறார்கள்?

மெழுகை எடுக்க, தொடையை மெதுவாக அழுத்தினால் போதும், பல்லிக்குக் காயமில்லை. கண்ணாடிக் குப்பியில் சேர்த்து, வாயு நிறப்பகுப்பியும் நிறைமானியும் இணைந்த கருவியில் செலுத்தினால் எந்தெந்தப் பொருள் எவ்வளவு என்று தெரியும். நடத்தைச் சோதனை இன்னும் எளிது. பஞ்சுக் குச்சியில் மெழுகைத் தடவி முகத்துக்கு அருகில் நீட்டி, ஒரு நிமிடத்தில் எத்தனை முறை நாக்கு வெளியே வருகிறது என்று எண்ணுவார்கள். ஒப்பிட, வெறும் தண்ணீர் தொட்ட குச்சியும், ‘ஏதாவது நெடி இருந்தாலே நாக்கை நீட்டுமோ’ என்ற சந்தேகத்தைத் தீர்க்க அத்தர் போன்ற நெடியுள்ள குச்சியும் இருக்கும்.

பல்லியின் கழுத்தில் இருபுறமும் வெள்ளையாக வீங்கியிருக்கிறது. அதுவும் வாசனைச் சுரப்பியா?

இல்லை. அவை உள்காதோடு தொடர்புள்ள சுண்ணாம்புப் பைகள். பால்போன்ற கால்சியம் கார்பனேட் அவற்றில் சேர்ந்திருக்கும். முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்பு தேவைப்படுவதால் பெண்களில் எடுப்பாகத் தெரியும். விஷப்பை என்று பயந்து அடித்துக் கொல்லாதீர்கள்.

அப்படியானால் சாப்பாட்டில் பல்லி விழுந்தால் விஷமில்லையா?

வீட்டுப் பல்லிக்கு விஷச் சுரப்பி கிடையாது. ஆனால் அதன் குடலிலும் எச்சத்திலும் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். வயிற்றுப்போக்கும் வாந்தியும் வர அது போதும். அந்தச் சாப்பாட்டைக் கொட்டிவிடுவதே சரி, காரணம்தான் வேறு.

உண்மையான விஷச் சுரப்பி அமெரிக்காவின் கீலா பல்லிக்கு உண்டு, கீழ்த்தாடையில். அந்த விஷத்தில் ஜான் எங் 1992இல் கண்டறிந்த எக்ஸெண்டின்-4 என்ற பொருளை ஒட்டிச் செய்த நீரிழிவு மருந்துக்கு 2005இல் அமெரிக்கா அனுமதி தந்தது. ஆஸ்திரேலியாவின் சில பல்லிகள் வாலிலிருந்து ஒட்டும் திரவத்தைப் பீய்ச்சும். கலாபகஸ் தீவின் கடல் இகுவானா மூக்கருகே உள்ள சுரப்பியால் உப்பைத் தும்மித் தள்ளும். இவை எதுவும் இனத்துக்குள் பேசும் சுரப்பிகள் அல்ல.

வெயில் கூடினால் இந்த வாசனைப் பேச்சு பாதிக்கப்படுமா?

பாறைப் பல்லியில் மார்ட்டினும் லோபஸும் இதையும் பார்த்தார்கள். கூடுதல் வெப்பத்தில் வைக்கப்பட்ட வாசனைக் குறிகளின் திறன் குறைந்தது. குளிர்ந்த மலை உச்சிக்காக அமைந்த கலவை சூட்டில் சீக்கிரம் தேய்கிறது. மலை உச்சியில் வாழும் பல்லிக்கு இன்னும் மேலே ஏற இடமும் இல்லை. வெப்பமண்டல இனங்களில் இப்படிப்பட்ட ஆய்வுகள் மிகக் குறைவு. நம் சுவரிலேயே ஓடும் பல்லியை வைத்து இங்குள்ள கல்லூரி மாணவர்கள் செய்யக்கூடிய வேலை இது என்பது என் எண்ணம்.

சாண்டா எண்ணெய் இந்தச் சுரப்பியிலிருந்துதான் எடுக்கிறார்களா?

இல்லை. தார் பாலைவனம், கட்ச் பகுதிகளில் வளைதோண்டி வாழும் முள்வால் ஓணானைக் கொன்று, உடலில் சேர்ந்திருக்கும் கொழுப்பை உருக்கி எடுப்பது அது. அந்தப் பிராணிக்கும் தொடைத் துளைகள் உண்டு, ஆனால் அந்த மெழுகுக்கும் எண்ணெய்க்கும் சம்பந்தமில்லை. ஆண்மைக்கு மருந்து என்று சொல்லி விற்கப்படும் அந்தப் புட்டியில் இருப்பது சாதாரணக் கொழுப்பு. 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி அந்தப் பிராணியைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். உடும்புக்கும் அதே சட்டம் பொருந்தும்.